ஒரே எடை

இந்த நாற்காலி ஆடுகிறது. ஒரு கால் கட்டை. நீங்கள் காப்பி எடுக்கப் போன நேரத்தில் மேசையிலிருந்த ஒரு தாளை மடித்து அடியில் வைத்துப் பார்த்தேன், அப்படியும் ஆடுகிறது. முக்கியமான தாளாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். என் கணவர் டெல்லை அடக்கம் செய்து மூன்று வாரமாகிறது, எந்த இடத்திலும் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் என்னால் உட்கார முடியவில்லை.

வாசலில் நிற்பது என் அக்காவின் கார். என் பெட்டிகள் அதில்தான் இருக்கின்றன. பில்லிங்ஸில் அவள் வீட்டு மாடியறையை எனக்காகச் சுத்தம் செய்து வைத்திருக்கிறாளாம். டெல் இறந்தது விபத்து என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டீர்கள், நான் வாயைத் திறக்காமல் அங்கே போயிருக்கலாம். நகர எல்லை தாண்டியதும் வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

நீங்களும் வேட்டைக்குப் போகிறவர்தான், ஷெரிஃப் ஹால்வர்சன், ஆனால் கடையில் தோட்டா வாங்குகிறவர். அதனால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. சுட்டு முடிந்த பித்தளைக் கூட்டைத் துடைத்து, அடியில் தீப்பொறி கொடுக்கும் புதுக் கேப் பொருத்தி, வெடிமருந்தை அளந்து கொட்டி, வாயில் குண்டைச் செருகுவதுதான் எங்கள் வேலை. எல்லாரும் மருந்துக்குத்தான் பயப்படுவார்கள். குண்டு எவ்வளவு ஆழம் உள்ளே இறங்குகிறது என்பதை ஒருவரும் பெரிதாக நினைப்பதில்லை. அது இறங்க இறங்க மருந்துக்கு இடம் குறைகிறது. அதே மருந்து, குறைந்த இடம், அழுத்தம் ஏறிவிடும். பீன்ஸ் வேகவைக்கும் குக்கரை வாய்வரை நிரப்பினால் என்ன ஆகும் என்று உங்கள் மனைவியைக் கேளுங்கள், சொல்வார்.

முப்பத்தொரு வருஷம் டெல்லுக்குத் தோட்டா அடைத்தவள் நான். இது ஊரில் யாருக்கும் தெரியாது. எங்கள் துப்பாக்கிக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு, அவனவன் அடைத்ததைத்தான் அவனவன் சுடுவான். பெட்டியின் மேல் டேப் ஒட்டி, அடைத்தவரின் பெயரெழுத்தை எழுத வேண்டும். எங்கள் பெட்டிகளில் டெல்லின் எழுத்து இருக்கும். அதை எழுதியதும் நான்தான், அவர் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும்.

போன ஆகஸ்டில் கிளப் விருந்து நடந்தது. டெல்லின் பழைய கூட்டாளி லைல் ஸ்ட்ரவுட் எல்லார் முன்னாலும் அவரைச் சீண்டினார்.

"நிஜத்தைச் சொல்லு டெல். உன் தோட்டாவ யாரு அடைக்கிறா? நெத்தில ஏத்திவிட்ட கண்ணாடிய ஊரெல்லாம் தேடுற ஆளு நீ. வீட்டம்மாவா?"

டெல் சிரித்தார். "மேவிஸா? அவளுக்கு என்ன தெரியும். கூடு தொடச்சுக் குடுப்பா."

நான் அப்போது ஹக்கிள்பெரிப் பழம் அடைத்த பை பலகாரத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். எட்டுத் துண்டு, எட்டும் ஒரே அளவு. எனக்கு அவமானமாக இருந்தது. அவர் அதை மறைப்பது எனக்குப் பழகிப்போன விஷயம், ஆனால் மறைக்கும்போது அப்படிச் சிரிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த இருப்புக்கொள்ளாமை. அடுப்பை அணைத்துவிட்டேனா என்று நாலு தடவை போய்ப் பார்ப்பேன், வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பேன்.

செப்டம்பரில் லைல் செம்புக் குண்டுக்கு மாறினார் என்று டெல்லும் ஒரு பெட்டி வாங்கி வந்தார். ஈயக் குண்டின் பக்கத்தில் ஒன்றை நிறுத்திக் காட்டினேன். செம்பு விரல்நுனி உயரம் கூடுதலாக நின்றது.

"பாருங்க, இது நீளம். ஈயத்தைவிடச் செம்பு லேசு, அதனால அதே எடைக்கு நீட்டி வச்சிருக்கான். தோட்டாவோட மொத்த நீளத்தை மாத்தாம அடைச்சா குண்டு ரொம்ப உள்ள போயிடும். மருந்தக் குறைச்சுத்தான் ஆரம்பிக்கணும்."

"எடை ஒண்ணுதானே?"

"எடை ஒண்ணுதான்."

"அப்புறம் என்னடி எனக்குப் பாடம் நடத்துற? பழைய மருந்து, பழைய நீளம். சனிக்கிழமைக்குள்ள இருபது வேணும்."

அளவு குறித்துவைக்கும் நோட்டிலும் தன் கையாலேயே அப்படி எழுதினார். அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். அவர் சொன்னதைத்தான் செய்தேன் என்று மூன்று வாரமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய்யில்லை.

ஆனால் முதலில் மூன்று மட்டும் அடைத்தேன். டெல் தீவனக் கடைக்குப் போயிருந்தார். அவருடைய புதுத் துப்பாக்கியை வீட்டுக்குப் பின்னால் ஓடைப் பள்ளத்துக்குக் கொண்டுபோய், டயரில் கட்டி, மண்திட்டுக்குப் பின்னால் ஒதுங்கிக் கயிற்றால் இழுத்தேன். முதல் வெடிக்கே, கூட்டை வெளியே இழுக்கும் போல்ட் இறுகியது. இரண்டாவதில் கேப் சப்பையாகிவிட்டது. மூன்றாவதற்கு மரச்சுத்தியால் தட்டித்தான் போல்ட்டைத் திறக்க முடிந்தது. நல்ல எஃகு, அதனால் தாங்கியது. அழுத்தம் எல்லை மீறுகிறது என்பதற்கு எங்கள் தொழிலில் இதற்குமேல் ஒரு எச்சரிக்கை கிடையாது.

வீட்டுக்கு வந்து கை கழுவினேன். பிறகு உட்கார்ந்து இருபது அடைத்தேன். ஆகஸ்டுக்குப் பிறகு நான் அசையாமல் உட்கார்ந்திருந்தது அந்த ஒரு மதியம்தான். ஒவ்வொன்றையும் வெர்னியர் அளவுகோலில் அளந்தேன். இரண்டு சரியாக வரவில்லை, பிரித்து மறுபடி அடைத்தேன். எதற்கு அவ்வளவு மெனக்கெடல் என்று கேட்பீர்கள். அரைகுறை வேலை எனக்கு வராது.

துப்பாக்கி ஏன் மாறியது என்று நீங்கள் என்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும். சனிக்கிழமை காலை அவரிடம் புதுத் துப்பாக்கியில் போல்ட் இறுகுகிறது என்றேன். உண்மைதானே. அவர் அப்பாவின் பழைய துப்பாக்கியை எடுத்துப் போகச் சொன்னேன், லைல் அதைப் பார்க்க வேண்டுமென்று சொல்லிக்கொண்டே இருக்கிறாரே என்றேன். இரண்டுக்கும் ஒரே தோட்டா. அப்பாவுடையது முதல் உலகப் போருக்கு முந்தியது, அந்த எஃகு கண்ணாடிபோல் உடையும். அது டெல்லுக்கும் தெரியும், ஆனால் லேசான மருந்து போட்டு வருஷக்கணக்காகச் சுட்ட பழக்கத்தில் மறந்துவிட்டார். நானே எண்ணெய் தடவி வண்டியில் வைத்தேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். என் நெற்றியில் முத்தமிட்டார்.

கிளப்பின் சுடுமிடத்தில் முதல் வெடிதான், நான் வண்டியருகே நின்றிருந்தேன். சத்தம் வேறு மாதிரி இருந்தது. லைல் தன் சட்டையைக் கழற்றி டெல்லின் கழுத்தில் அழுத்திக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். லைலின் காதிலிருந்தும் ரத்தம் வந்துகொண்டிருந்தது, அது நான் நினைத்துப் பார்க்காத விஷயம், அதற்காக வருத்தப்படுகிறேன். ஹெலிகாப்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டெல்லை எனக்குப் பிடிக்கும், இப்போதும் காலையில் இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிடுகிறேன்.

அடக்கத்தன்று லைல் எழுந்து, இந்த மாவட்டத்தில் டெல்லைப்போல் தோட்டா அடைத்தவர் கிடையாது, அவருக்கே இப்படியா என்று அழுதார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நேற்று டெல்லின் சாமான்களோடு உங்கள் ஆய்வக அறிக்கையின் நகலும் வந்தது. இரண்டாம் பக்கம். தோட்டாக்கள் இறந்தவராலேயே அடைக்கப்பட்டவை, அடைத்தவரின் கவனக்குறைவே காரணம்.

கவனக்குறைவு. ராத்திரி முழுக்க அந்த ஒரு வார்த்தையோடு நடந்துகொண்டிருந்தேன்.

டெல்லைக் கொன்றது நான். பெயரை மாற்றி எழுதுங்கள், அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள். மீதி பத்தொன்பதும் உங்களிடம்தான் இருக்கின்றன. எடுத்து வந்து என் முன்னால் அளந்து பாருங்கள், ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இருந்தால் என்னை அக்காவோடு அனுப்பிவிடுங்கள்.