எட்டு வாட்டும் ஒரு ஜோடி ஹாரனும்

எட்டு வாட் என்றால் எல்லோரும் சிரிக்கிறார்கள். உங்கள் ஸ்டேஷன் வராந்தாவில் எரிகிற பல்பே அதைவிட அதிகம் இழுக்கும், சார். ஆனால் சரியான ஸ்பீக்கர் அமைந்துவிட்டால் எட்டு வாட்டில் ஒரு சினிமா கொட்டகையே நிறையும். நான் சொல்வது கோயில் திருவிழாவில் மரத்தில் கட்டுகிற குழாய் அல்ல. திரைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு நிற்கும் மர ஹாரன். கண்ணாடி வால்வு வைத்த பழைய ஆம்ப்ளிஃபயர், வால்வு ஆம்ப், கொடுப்பது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் சிந்தாமல் வாங்கிக்கொள்ள ஹாரனால்தான் முடியும். சாதாரண ஸ்பீக்கரில் மாட்டினால் அதே ஆம்ப் முனகும்.

ஆம்ப் என்னுடையது. வடலூரில் ஒரு காயலான் கடையில் கோழிக்கூண்டுக்கு அடியில் கிடந்தது. டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்துத் திரும்பச் சுற்றினேன். கண்டன்சர்களை எல்லாம் மாற்றினேன். உள்ளே இருக்கிற ஒவ்வொரு ஈய ஒட்டும் என் கை வைத்தது.

ஹாரன்கள் பரமசிவம் அண்ணனுடையவை. பண்ருட்டியில் ஒரு கொட்டகையை இடித்தபோது லாரி வைத்து அள்ளிவந்தார். அவர் அனல்மின் நிலையத்தில் எலக்ட்ரிக்கல், பெர்மனென்ட். நான் அவருடைய கேங்கில் காண்ட்ராக்ட் ஹெல்பராக இருந்தவன். நைட் ஷிஃப்ட் ஒத்துவராமல் நின்றுவிட்டேன். என் அப்பா கூலிக்கு நாற்று நட்ட வயல் இன்று நிலக்கரிச் சுரங்கத்தின் நடுவில் இருக்கிறது. இரக்கம் கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை. யாரும் தரமாட்டார்கள் என்று தெரியும்.

மந்தாரக்குப்பத்தில் என் வாடகை அறை சின்னது. ஆகவே ஆம்ப் அவருடைய குவார்ட்டர்ஸ் ஹாலுக்குப் போனது. முதல் பாட்டு போட்டபோது பாடகி மூச்சு இழுத்தது கேட்டது. அண்ணன்கூட வாயை மூடிக்கொண்டு கேட்டார். நான் என் வாழ்நாளில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அந்தச் சத்தம்தான்.

பாட்டு நின்றதும் ஹம் கேட்டது, ஓயாத ஒரு ரீங்காரம். ஹாரனுக்கு தாட்சண்யம் கிடையாது. பாட்டைப் பெரிதாக்குகிற அதே வேகத்தில் ஆம்புக்குள் இருக்கிற இரைச்சலையும் பெரிதாக்கும். சாதாரண ஸ்பீக்கரில் காதை வைத்தாலும் கேட்காத இரைச்சல், ஹாரனில் வாசல்வரை வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தன் ஷிஃப்ட் ஆட்களை அழைத்திருந்தார்.

“ஏல அன்பு, பாட்டு கேக்கலாம்னு நாலு பேரக் கூப்பிட்டா, நீ பொட்டிக்குள்ள தேனீ வளக்கியா?”

தமிழ்மாறன் என்று ஒருவன், அவர் கேங்கிலேயே இருப்பவன், எடுத்துக் கொடுத்தான். “தேன் எப்பண்ணே எடுக்கலாம்?”

“இவன் எங்க எடுக்கப்போறான்? நைட் ஷிஃப்ட்டே தாங்காத பய.”

சமையலறையில் திலகவதி அண்ணி சிரித்தது கேட்டது. நானும் சிரித்தேன். அங்கே சிரிக்காமல் இருந்தால் அதற்கும் ஒன்று சொல்வார்கள்.

“சென்னைல டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன்,” என்றார். “நூறு வாட்டு. அடுத்த வாரத்துக்குள்ள ஹம்மு போகலேன்னா ஒன் டப்பாவத் தூக்கிட்டுப் போயிரு.”

“அப்பிடின்னா ஹாரன எனக்குக் குடுத்துடுங்கண்ணே. எங்க வூட்ல வெச்சிக்கினு போறேன்.”

“எந்த ‘வூட்ல’?” என்று என்னைப் போலவே இழுத்துச் சொன்னார். “அதுக்குள்ள நீ நிக்கவே எடமில்லையேல.”

தமிழ்மாறன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

எனக்குக் கோபம் வரவில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். நிலைமை தெளிவாகப் புரிந்தது, அவ்வளவுதான். ஹாரன் இல்லாமல் என் ஆம்ப் ஊமை. அவர் இருக்கிறவரை ஹாரன் என் கைக்கு வராது.

எங்கள் கேங்கில் ஒரு வழக்கம் உண்டு. மோட்டாரிலோ பேனலிலோ கை வைக்கும் முன் ஒருவன் போய் பிரேக்கரை இழுத்து, சிவப்பு அட்டையை மாட்டி, திரும்பி வந்து “எல்.சி. ஆச்சு” என்பான். லைன் கிளியர், கரன்ட் இல்லை, கை வைக்கலாம் என்று அர்த்தம். முறைப்படி கை வைப்பவன் ஒருமுறை டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் கேங்கில் யாரும் பார்க்கமாட்டார்கள். பார்த்தால் எல்.சி. கொடுத்தவனைப் பொய்யன் என்று சொன்ன மாதிரி. இதற்காகக் கைகலப்பே நடந்திருக்கிறது. அண்ணன் என்னை எவ்வளவோ ஏசியிருக்கிறார். ஆனால் என் எல்.சி.யை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. அந்த ஒரு மரியாதையை எனக்குக் கொடுத்தார்.

வால்வு ஆம்ப் மோட்டார் மாதிரி அல்ல. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சருக்குள் கரன்ட் தங்கும். வீட்டுக் கரன்டைவிட அதிகம். அதை வடித்துவிட உள்ளே ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது. அது தன் வேலையைச் செய்கிறவரை பயமில்லை.

ஹம்மைச் சரிசெய்கிறேன் என்று ஆம்பை என் அறைக்கு எடுத்துப்போனேன். அடுத்த ஞாயிறு காலையில் திரும்பக் கொண்டுவந்து மாட்டினேன். ஹம் அப்படியே இருந்தது.

“ஒன்னால ஆகாதுல. தள்ளு, நானே பாக்கேன்,” என்றார். அப்படித்தான் சொல்வார் என்று தெரியும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, வால்வுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கேட்டோம். கடைசியில் சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, ஆம்பைக் கவிழ்த்து வைத்தேன். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

“எல்.சி. ஆச்சா?”

“ஆச்சுண்ணே.”

இரண்டு கைகளையும் உள்ளே விட்டார்.

சத்தமே இல்லை. நாற்காலி மட்டும் சரிந்தது. மேஜையிலிருந்து ஒரு வால்வு உருண்டது. நல்ல வால்வு, இனிமேல் கிடைக்காது. அதைப் பிடித்து ஓரமாக வைத்தேன். பிறகு அண்ணியைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனவர்களில் நானும் ஒருவன்.

தமிழ்மாறன் ஆம்பைப் பார்த்துவிட்டு, ரெசிஸ்டரின் ஒரு கால் தொங்குகிறது, ஒட்டு விட்டிருக்கிறது என்றான். நீங்களும் அதைத்தான் எழுதிக்கொண்டீர்கள். விபத்து. மெக்கானிக்கின் கவனக்குறைவு.

கருமாதியன்று அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நீ மனசுல வச்சு மருகாத தம்பி. வேணும்னா செஞ்ச? ஒனக்குத் தெரிஞ்ச வேலை அவ்வளவுதான். ஒட்டு சரியா பிடிக்கல, என் விதி.” ஹாரன்களையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அவற்றைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை.

எடுத்து வந்தேன். இரண்டுக்கும் நடுவில் படுத்துக்கொள்கிறேன், இடம் போதுகிறது. ஹம்மும் இல்லை. ஒரு எர்த் ஒயரை இடம் மாற்றினால் தீருகிற விஷயம்தான் அது. இரைச்சல் நின்றால் அவர் ஆம்பை வைத்துக்கொள்வார். நான் ஞாயிறுதோறும் போய் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் அப்போது மாற்றவில்லை.

ஆனால் கடைத்தெருவில் நடக்க முடியவில்லை, சார். “அன்பு ஒட்டு வெச்சா ஆளு காலி” என்கிறார்கள். மிக்ஸியைக் கொடுத்தவன்கூடத் திரும்ப வாங்கிப்போகிறான். டீக்கடையில் இருக்கிற பையன்களுக்கும் என் கைவேலை இளக்காரமாகப் போய்விட்டது. அண்ணியின் மன்னிப்பை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அதற்காகத்தான் நானாகவே வந்தேன். உண்மை வெளியே வர வேண்டும்.

நீங்கள் எழுதியதைத் திருத்துங்கள். அந்த ஒட்டு விடவில்லை. என் ஒட்டு எதுவும் இதுவரை விட்டதில்லை. அன்று காலை ஆம்பைக் கொண்டுவரும் முன் சால்டரிங் இரும்பைச் சூடேற்றி, ஈயத்தை உருக்கி, ரெசிஸ்டரின் காலை நான்தான் எடுத்துவிட்டேன். தானாக விட்டது மாதிரி தெரிய வேண்டும் என்று மிச்ச ஈயத்தையும் சுரண்டினேன். கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வேலை தெரியாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள்.