அரை மணி நேரத்துக்கு மட்டும்

டுவைட்: ...இன்னமும் வெள்ளைக் கட்டம்தானே தெரியுது! படம் எங்க, கேரின்?

கேரின்: பத்திரமா இருக்கு.

டுவைட்: எங்க?

கேரின்: கிளவுடுல. நாம வாடகைக்கு எடுத்திருக்கோமே, அந்தக் கிட்டங்கில.

டுவைட்: அம்மா தாயே, அது எனக்குத் தெரியும். நம்ம ஆப்ல ஏன் வரலைன்னு கேக்கறேன். சாப்பாடு முடிஞ்சதும் நம்ம டுலூத் ஊர்ல இருக்கற அத்தனை டேகேர்காரங்களும் வந்து உக்காரப் போறாங்க. பிள்ளை என்ன சாப்பிட்டுது, எப்படித் தூங்குச்சுன்னு பெத்தவங்க போன்லயே பாக்கலாம்னு பீத்திட்டு, வெள்ளைக் கட்டத்தைக் காட்டச் சொல்றியா?

கேரின்: நேத்து வரைக்கும் படம் வந்துச்சு. காலைல நான்தான் நிறுத்தினேன்.

டுவைட்: நீயா...? பனி அள்ளி அள்ளி மூளை உறைஞ்சு போச்சா?

கேரின்: எனக்கு முன்னாடி இருந்த ராஸ் எப்படி இணைச்சு வெச்சிருந்தார்னு தெரியுமா?

டுவைட்: ஒரே மத்தியானத்துல இணைச்சான். நீ வந்ததுல இருந்து தடவிக்கிட்டே இருக்க!

கேரின்: இணைப்பா அது? கதவையே கழட்டி வெச்சிருக்கு. நம்ம ஆப்ல பாஸ்வேர்டு கேக்கறதெல்லாம் சும்மா வேஷம். படத்தோட முகவரி கிடைச்சா போதும், எவன் வேணா பாக்கலாம்.

டுவைட்: முட்டாப் பய அந்த ராஸ்! அதுக்குத்தான் அவனை வீட்டுக்கு அனுப்பினேன். பெரிய படிப்பு படிச்சவனாம்...

கேரின்: யாரும் சொல்லாமலா செஞ்சார்?

டுவைட்: நான் என்னத்தைக் கண்டேன்? எனக்குத் தெரிஞ்சது மெயில் பாக்கறது ஒண்ணுதான்.

கேரின்: ஓகோ.

டுவைட்: என்ன ஓகோ? சரியா இணைக்கறதுன்னா எப்படி, அதைச் சொல்லு.

கேரின்: ஒரு அம்மா ஆப்பைத் திறந்ததும், 'இன்னார் வந்திருக்காங்க'ன்னு ஆப் போய்க் கிட்டங்கில சொல்லணும். அது சரிபாத்து ஒரு அனுமதிச் சீட்டு கொடுக்கும். கொஞ்ச நேரந்தான் செல்லும். அவங்க பிள்ளை மட்டும்தான் அவங்களுக்குத் தெரியும். நாளைக்குத் தயாராயிடும்.

டுவைட்: நாளைக்கா! நாளைக்கு யாருக்குக் காட்ட, ஏரில இருக்கற மீனுக்கா?

கேரின்: மீன் உங்களை விடப் பொறுமையா பாக்கும்.

டுவைட்: வாய் நீளுது... சரி, இப்படிச் செய். கதவைத் திறந்து விடு. அரை மணி நேரத்துக்கு மட்டும். அவங்க போனதும் பூட்டிக்கலாம்.

கேரின்: முடியாது.

டுவைட்: யார் வந்து பாக்கப் போறான்? மூக்கொழுகற பிள்ளைங்க! ஸ்பகெட்டிக் கிண்ணத்தைத் தலைல கவுத்துக்கிட்டு ஒரு வாண்டு சிரிக்குமே, அதைக் காட்டினா கூட்டமே விழுந்து விழுந்து சிரிக்கும். அதுல என்ன ராணுவ ரகசியம்?

கேரின்: மஞ்சள் சட்டை.

டுவைட்: அதேதான்! உனக்கும் பிடிச்சிருக்கு பாத்தியா?

கேரின்: அவ பேரு பிரிட்டா.

டுவைட்: பேரு எனக்கெதுக்கு? திறக்கறியா, இல்ல கோட்டை மாட்டிக்கிட்டு ராஸ் போன வழியே போறியா?

கேரின்: திறக்க மாட்டேன்.

டுவைட்: தள்ளு, நானே திறக்கறேன். அவனும் இப்படித்தான் முரண்டு பிடிச்சான். அன்னிக்கு அமுக்கினவனுக்கு இன்னிக்கு அமுக்கத் தெரியாதா...

கேரின்: மெயில் மட்டும்தான் பாக்கத் தெரியும்னீங்க?

டுவைட்: ...சரி, நான்தான் திறந்தேன்! அன்னிக்கும் அரை மணி நேரம்னுதான் திறந்தேன், பூட்ட மறந்துட்டேன். மனுஷன் மறக்க மாட்டானா? ...என்னது இது? அனுமதி இல்லைன்னு வருது! என் கம்பெனில எனக்கே அனுமதி இல்லையா?

கேரின்: காலைல கதவைப் பூட்டினப்பவே அனுமதிப் பட்டியல்லேருந்து உங்க பேரையும் எடுத்துட்டேன். பதறாதீங்க, டேகேர்காரங்க வரட்டும், வெள்ளைக் கட்டம் ஏன்னு நானே சொல்றேன். அக்டோபர்ல என் போனுக்கு ஒரு கேலிப் படம் வந்துச்சு. எவனோ முகம் தெரியாதவன், 'குடிச்சிட்டு வந்த மாமா'ன்னு எழுதி ஊரெல்லாம் சுத்த விட்டிருந்தான். மஞ்சள் சட்டை, தலைல ஸ்பகெட்டி. எங்கேருந்து எடுத்தான்னு தேடிப் போனா, உங்க கிட்டங்கி திறந்து கிடக்குது. உங்களுக்கு எழுதினேன், கூப்பிட்டேன், ஒருத்தரும் மதிக்கல. அப்புறம்தான் டுவைட், இங்க வேலை கேட்டு வந்தேன். பிரிட்டா என் மக.