இருபது புள்ளி எட்டு

பதினெட்டு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தால் முதுகு வலிக்கும் என்பார்கள். எனக்கு வலித்ததில்லை. நிதானமாக வேலை செய்கிறவன் நான். இதையும் நிதானமாகவே எழுதித் தருகிறேன், சார்.

புதுக்கோட்டையில் அழகுமலை நடத்தும் மென்பொருள் அலுவலகத்தில் நான்தான் மூத்தவன். திருவரங்குளம் பக்கம் ஒரு பழக்கிடங்குக்கு நான் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். அங்கே அறையில் பழத்தை அடுக்கிக் கதவைச் சாத்தி நைட்ரஜனை உள்ளே விடுவார்கள். ஆக்சிஜன் குறைந்தால் பழம் சீக்கிரம் பழுக்காது. உள்ளே எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று வெளியே கம்ப்யூட்டரில் என் புரோகிராம் எண்ணாகவும் கோடாகவும் காட்டும். வெளிக்காற்றில் ஏறத்தாழ இருபத்தொன்று சதவீதம். சாத்திய அறையில் மூன்று வரை இறங்கும். அந்தக் காற்றில் மனிதன் இரண்டு மூச்சு தாங்கமாட்டான். வாடை எதுவும் இருக்காது.

புரோகிராமில் ஒரு குறை இருந்தது. காலை எட்டு மணிக்குப் போட்டால் மதியம் ஒன்றரைக்குத் திரை உறைந்துவிடும், கடைசியாக வந்த எண்ணோடு. அதனால் பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை அணைத்துப் போடவும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். ஆபரேட்டர் ஆண்டியப்பன் அதைச் சுவரில் ஒட்டி வைத்து, நான்கு வருஷம் ஒரு நாள் தவறாமல் செய்தார்.

போன ஜூனில் பிளெஸ்ஸி வேலைக்கு வந்தாள். ஆவூர்ப் பெண், வாத்தியார் மகள். யாரும் சொல்லாமலே என் புரோகிராமை ஓடவிட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எதையோ நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் என் மேசைக்கு வந்து மெதுவாகச் சொன்னாள்.

"சார், கோவிச்சுக்காதீங்க. ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவ கோடு போட நம்ம புரோகிராம் கம்ப்யூட்டர்கிட்ட ஒரு பேனா வாங்குது. போட்டு முடிச்சுத் திருப்பிக் குடுக்கவே இல்ல. பத்தாயிரம் பேனா ஆனதும் கம்ப்யூட்டர் இனிமே கெடையாதுன்னுருது. அதான் நிக்குது."

ஒரே ஒரு வரி சேர்த்தாள். சரியாகிவிட்டது. கிடங்குக்குப் போய்ச் சுவரில் இருந்த தாளை அவளே கிழித்துவிட்டு வந்தாள்.

அழகுமலை சிரித்தார். "பதினெட்டு வருஷ சர்வீஸு, ஒங்க கண்ணுல படலையே எழிலு."

"இல்லீங்க, சாரும் நானும் சேந்துதான் கண்டுபிடிச்சோம்" என்றாள் பிளெஸ்ஸி.

நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அது அவருக்கும் தெரியும். அவள் குறை சொல்லியிருந்தால் நான் மறந்திருப்பேன். எனக்குப் பிச்சை போட்டாள். அதன்பிறகு அவள் வாசலில் செருப்பை நேராக விடுவதுகூட எனக்குப் பிடிக்காமல் போனது.

இரண்டு மாதம் பொறுத்தேன். கிடங்குக்குப் புதிய பதிப்பு அனுப்ப வேண்டிய புதன்கிழமை, முன்பு ஒருமுறை லீவு போட்டபோது அவள் எனக்குக் கொடுத்த பாஸ்வேர்டில் நுழைந்து, அவள் சேர்த்த வரியை எடுத்தேன். யார் மாற்றியது என்ற பதிவேட்டில் அவள் பெயர்தான் நிற்கும். மறுநாள் கிடங்கில் பழம் இறங்கும், இரண்டு மணிக்குக் கதவு சாத்துவார்கள் என்று ஆண்டியப்பனிடம் கேட்டு வைத்திருந்தேன். "நேர்ல போயி ஒரு தடவ பாத்துட்டு வாம்மா" என்று பிளெஸ்ஸியை அனுப்பியதும் நான்தான். முதலாளி முன்னால் அவள் தலைகுனிய வேண்டும், அவ்வளவுதான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஒன்றரைக்குத் திரை நின்றது. கதவைத் திறந்து வைத்து ஆட்கள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்ததால் எண் இருபது புள்ளி எட்டில் நின்றது. இரண்டு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். நான்கு மணிக்கு ஆண்டியப்பன் கதவைத் திறந்து உள்ளே போய் விழுந்தார். பிளெஸ்ஸி ஓடி அவரை வாசல்வரை இழுத்து வந்தாள். சுமைதூக்கிகள் அவரை வெளியே எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது அவள் உள்ளே கிடந்தாள்.

ஆவூர்க் கல்லறையில், "புள்ள அவசரத்துல தப்பா எழுதிட்டா" என்றார் அழகுமலை. நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஆண்டியப்பன் பேச ஆரம்பித்த பிறகுதான் நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டீர்கள். அவர் சொன்னது உண்மை. நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பிளெஸ்ஸி எனக்குப் போன் செய்தாள்.

"சார், கேஸ் ஓடுது, நம்பர் எறங்கவே மாட்டேங்குது. கொழாய் எங்கிட்டாச்சும் கழண்டிருச்சான்னு ஆண்டியப்பண்ணே உள்ள போயி பாக்குறேங்குறாரு."

"திரையில எவ்வளவு காட்டுது?"

"இருபது புள்ளி எட்டு. கம்ப்யூட்டர ஒரு தடவ அணச்சுப் போட்டுப் பாக்கட்டுமா சார்?"

அணைத்துப் போட்டிருந்தால் சரியான எண் வந்திருக்கும். "வேணாம்மா, இன்னைக்குப் பதிவு பூராம் போயிரும்" என்றேன்.

"அப்ப அவரு போகலாமா சார்?"

"போகலாம்."

உள்ளே மூன்றுக்குப் பக்கத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒருவர் விழுந்தால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிற பெண் அல்ல அவள் என்பதும் தெரியும். ஆனால் ஒன்றை மட்டும் தயவுசெய்து கவனித்துக்கொள்ளுங்கள், சார். ஆண்டியப்பன் போகலாமா என்றுதான் அவள் கேட்டாள். தான் போகலாமா என்று என்னிடம் கேட்கவே இல்லை.