கறுப்பென்றால் சுகம்

ஆளில்லாத நேரத்தில் கணினித் திரை தானாக அணைந்துகொள்வது நல்ல ஏற்பாடு, இன்ஸ்பெக்டர் சார். கரண்டும் மிச்சம், திரைக்கும் ஆயுசு கூடும். எவ்வளவு நேரத்தில் அணைய வேண்டுமென்று ஒரு வரி தட்டினால் போதும். நான் தட்டியது அந்த ஒரு வரிதான்.

தட்டாஞ்சாவடி இறால் கிடங்கில் கணினியை அமைத்தது நான், பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. குளிரூட்டும் அம்மோனியா எந்த அறையில் கசிந்தாலும் அந்தத் திரையில் எழுத்தாக வரும். படம் கிடையாது, மவுஸ் கிடையாது. கறுப்பில் வெள்ளை எழுத்து மட்டும்.

மேலாளர் எமீல், ஐயா என்பதைப் பிரெஞ்சில் 'முசே' என்று சொன்னால்தான் திரும்புவார், பிரெஞ்சு ராணுவத்தின் சமையற்கட்டிலிருந்து ஓய்வு பெற்றவர். அதைப் படை நடத்தியவர்போலச் சொல்வார். யாரோ கீபோர்டைத் தொட்டு மெஷின் நின்றுபோனதிலிருந்து அதன்மேல் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்துப் பூட்டிவிட்டார். சாவி அவர் இடுப்பில்.

பிரான்சிலிருந்து சரக்கு வாங்க வந்தவர்களிடம் இந்தக் கணினி ஏற்பாடே தன்னுடையது என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, எல்லாருக்கும் காப்பி சொல்லு" என்றார். சொன்னேன். அன்றிலிருந்து கிடங்கில் எனக்குக் காப்பிக்காரர் என்று பெயர். உப்பளம் பகுதியிலுள்ள என் வீட்டிலிருந்தபடியே, லேப்டாப் வழியாக, திரை ஒரு நிமிடத்தில் அணையும்படி மாற்றினேன். அணைந்தாலும் எழுத்து உள்ளுக்குள் வந்துகொண்டுதான் இருக்கும். ஏதாவதொரு கீயைத் தொட்டால் தெரியும். அடுத்த விருந்தாளிகள் முன்னால் அவர் திருதிருவென்று முழிக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

அவர் முழிக்கவில்லை. தெரியாது என்ற சொல் அந்த வாயில் வந்ததே இல்லை. "கறுப்பா இருந்தா எல்லாம் சுகம்னு அர்த்தம். கோளாறுன்னா தானா வெளிச்சம் வரும்" என்று விளக்கினார். வந்தவர்கள் தலையாட்டினார்கள். மறுநாள் அதையே பலகையில் எழுதி மாட்டினார். திரைக்குக் காவலிருந்த பக்கிரி அன்றுமுதல் நிம்மதியாக வெற்றிலை போட்டான். நான் திருத்தவில்லை. முட்டாள்தனத்துக்குப் பலகை மாட்டினால் அதைக் கழற்றுவது என் வேலையில்லை.

வியாழக்கிழமை காலை என் லேப்டாப்பில் ஒரு வரி வந்தது: இரண்டாம் அறையில் கசிவு. திரும்பத் திரும்ப வந்தது. அங்கே அணைந்து கிடந்த திரைக்குள்ளும் அதேதான் வந்துகொண்டிருந்திருக்கும். அப்போது பக்கிரி போன் செய்தான்.

"அண்ணே, வீராயி ரெண்டாம் ரூமுல பொட்டி எடுக்கப் போவுது. ஸ்கிரீன் கறுப்பாதான் இருக்கு. போவலாமில்ல?"

பின்னாலிருந்து, கிடங்கில் பெட்டி சுமக்கும் வீராயியின் குரல் கேட்டது. "ஏன்டா, கதவத் தொறக்கறதுக்குங்கூடக் காப்பிக்காரர கேக்கணுமா?" சிரிப்பும் கேட்டது. எனக்கு அதில் கோபமில்லை.

"பலகையில என்ன எழுதியிருக்கு?" என்றேன்.

"கறுப்புன்னா சுகம்னு."

"அப்புறம் என்ன?"

வீராயி உள்ளேயே இறந்துபோனாள். இழுக்கப்போன பக்கிரிக்குக் கண் போய்விட்டது.

நீங்கள் எமீலைப் பிடித்து வைத்திருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தக் கணினி ஏற்பாடு முழுக்க அவர் மூளை என்று பேப்பரில் போட்டிருந்தான். அதைத் திருத்தத்தான் நானாக வந்தேன். மற்றபடி, கசிவு இருக்கிறதா என்று பக்கிரி என்னிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.