ஓடும்போது தாழாத படகு

உப்புக் காய்ந்த படகைக் கழுவுவது சட்டி பானை கழுவுவதைவிடச் சுகமான வேலை, மிஸ். யாரோடும் கதைக்கத் தேவையில்லை. நீங்கள் பொலிஸ் என்றாலும் மெதுவாகக் கேட்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

பாக்கியரத்தினம் ஐயாவின் படகு பழசு. ஆனாலும் கொட்டியாரக்குடாவில் அதை முந்த ஆளில்லை. முன்பக்கம் இரண்டு பேர் படுக்கக்கூடிய கபின். பின்பக்கம் சிவப்பு எழுத்தில் அவருடைய மகளின் பெயர், கீர்த்தனி. அந்தப் பெயரைத் தேடித்தான் அந்த வீட்டுக்கு வேலைக்குப் போனேன்.

போன வருடம் என் அண்ணன் சிந்துஜனின் தோணி, இந்தப் படகு கிளப்பிய அலையில் கவிழ்ந்தது. கூடப்போன கஜீபன் மட்டும் நீந்திக் கரைசேர்ந்தான்.

"கையைக் காட்டிக் கத்தினனாங்கள். திரும்பிப் பாத்தவர், நிக்கேல்லை. சிவப்பு எழுத்து மட்டும் தெரிஞ்சது" என்றான்.

அம்மா பயத்தில் யாரிடமும் முறையிடவில்லை. நான் அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை.

ஐயா என்னை நன்றாகத்தான் நடத்தினார். படகைக் கரையேற்றியதும் அடியிலுள்ள பித்தளை அடைப்பானைக் கழற்றினால், உள்ளே நின்ற தண்ணீர் வடியும். இறக்குமுன் திரும்பப் பூட்ட வேண்டும். அது என் வேலை. அவரே சிரித்துக்கொண்டு சொல்லித் தந்தார்.

"இது இல்லாட்டியும் ஓடேக்கை தாழாது, பிள்ளை. வேகத்திலை தண்ணி பின்னாலை இழுபட்டுப் போயிடும். நிண்டால்தான் துலைஞ்சம்."

சனிக்கிழமை நான் அதைப் பூட்டவில்லை. கபின் கதவின் உட்கைபிடி கொஞ்சம் ஆடியது. அதையும் கழற்றி, அடைப்பானோடு துவாயில் சுற்றி வைத்தேன். கீர்த்தனிக்குக் காற்றில் தலையிடிக்கும். படகு கிளம்பியதும் கபின் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவாள்.

"நீயும் வாவன், கஜந்தி. வீட்டிலை இருந்து முட்டையே அடைகாக்கப் போறாய்?"

"எனக்குக் கடல் ஒத்துவராது."

"கேட்டீங்களே அப்பா, கடலோரக் கட்டைபறிச்சான்காரிக்குக் கடல் ஒத்துவராதாம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் கையசைத்தேன்.

குடாவின் நடுவில் என்ஜின் நின்றுபோன ஒரு தோணி. அதிலிருந்த றுவைஸ் என்ற மூதூர்க்காரர் சட்டையைக் கழற்றி ஆட்டியிருக்கிறார். ஐயா படகை நிறுத்திக் கயிறு எறிந்திருக்கிறார். நின்ற படகு தாழ்ந்த பிறகு அந்த றுவைஸ்தான் ஐயாவைத் தண்ணீரிலிருந்து தூக்கினார். கபின் கதவு திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஐயா சொன்னதை நீங்களே எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். "முந்தி ஒருக்கா நிக்காமல் வந்திட்டன். அதுக்குப் பிறகு ஆர் கையைக் காட்டினாலும் நிப்பன்."

அதை அவர் என்னிடம் முந்தியே சொல்லியிருக்கலாம்.

அடைப்பானும் கைபிடியும் குசினி அலுமாரியில், மா வைக்கிற தகரப் பேணிக்குப் பின்னால் இருக்கின்றன. நான்தான் வைத்தேன். ஆனால் அவர் நிற்காமல் போகிறவர் என்று நம்பித்தான் கீர்த்தனியை ஏற விட்டேன். அவர் நின்றதற்கு நான் எப்படிப் பொறுப்பு, மிஸ்?