ஒரு குழி, ஒரே விதை

கொசு: ஏய் கண்ணாடி! ஓடி வா... பையக் கிளாசுல அப்பறம் வெக்கலாம், வா!

கண்ணாடி: என்னடா? பாம்பா?

கொசு: வந்துடுச்சு! வந்துடுச்சு!

கண்ணாடி: யாரு, பெரிய டீச்சரா?

கொசு: ஐயோ... குழியப் பாரு! முளை!

கண்ணாடி: எங்கடா? தள்ளு, உன் தலை மறைக்குது...

கொசு: மொதல்ல கண்ணாடியத் துடை. அதோ, தலையில தொப்பி போட்டுக்கிட்டு குண்டா நிக்குது பாரு.

கண்ணாடி: ஐ...! முளைச்சிருச்சு! கொசு, முளைச்சிருச்சுடா!

கொசு: கத்தாத. பயந்து உள்ள போயிடப் போகுது.

கண்ணாடி: நீ மட்டும் தெரு முனை வரைக்கும் கேக்கற மாதிரி கத்தலாமா?

கொசு: நான் கத்தினப்போ அது வெளிய வந்து ரொம்ப நேரமாச்சு.

கண்ணாடி: அப்போ தோட்டம் நமக்குத்தான்! பெரிய டீச்சர் என்ன சொன்னாங்க? "மூணாம் கிளாசுக்குத் தோட்டம் வேணுமா? மொதல்ல ஒரு குழி, ஒரே விதை. வெள்ளிக்கிழமைக்குள்ள அது முளைச்சா இந்தச் சுவரோரம் பூரா உங்களுக்கு."

கொசு: "முளைக்கலன்னா சைக்கிள் ஸ்டாண்டு." தகரம்கூட வந்து இறங்கிடுச்சு.

கண்ணாடி: தகரம் கெடந்து துரு பிடிக்கட்டும்! நான் தக்காளி போடுவேன்.

கொசு: நான் தர்பூசணி! பெருசா... இல்ல, அதவிடப் பெருசா!

கண்ணாடி: தண்ணி ஊத்தற வேலைய நம்ம ரெண்டு பேர்கிட்ட குடுத்தப்போ எத்தன பேரு மூஞ்சியத் திருப்பினாங்க! இன்னிக்கு கிளாசே நம்மளத் தூக்கிட்டுப் போகும் பாரு.

கொசு: ம்... ஏய்... இங்க இன்னொண்ணு.

கண்ணாடி: என்ன இன்னொண்ணு?

கொசு: இன்னொரு முளை. ஒல்லியா.

கண்ணாடி: ஒரு விதைதானே போட்டோம்?

கொசு: ...ஆமா. ரெட்டைப் புள்ளையா இருக்கும். எங்க சித்திக்கும் ரெட்டைதான்.

கண்ணாடி: உங்க சித்தி என்ன அவரை விதையாடா? ரெண்டும் வேற வேற மாதிரி இருக்கு.

கொசு: சித்தி புள்ளைங்களும் வேற வேற மாதிரிதான்.

கண்ணாடி: டேய், விளையாடாத. ரெண்டு இருந்தா ஏமாத்திட்டோம்னு பெரிய டீச்சர் நெனைப்பாங்க. ஒண்ணப் பிடுங்கிடலாம்.

கொசு: சரி. குண்டனப் பிடுங்கு.

கண்ணாடி: குண்டனயா? முடியாது! ஒல்லியப் பிடுங்கு.

கொசு: ஒல்லி மேல கை வெச்ச... அவ்ளோதான்!

கண்ணாடி: அதுமேல உனக்கு என்ன அவ்ளோ பாசம்?

கொசு: குண்டன் மேல உனக்கு என்ன?

கண்ணாடி: நீ மொதல்ல சொல்லு.

கொசு: நீ சொல்லு.

கண்ணாடி: சேந்து சொல்லலாம். ஒண்ணு... ரெண்டு...

கொசு: நான் தினமும் தோண்டிப் பாத்தேன்!

கண்ணாடி: நான் தினமும் பால் ஊத்தினேன்!

கொசு: பாலா?

கண்ணாடி: தோண்டினியா?

கொசு: முளைச்சிருச்சான்னு பாக்கத்தான்! பாத்துட்டு மூடிடுவேன். ஒரு நாள் விதை கையிலயே ரெண்டாப் பிளந்துடுச்சு. அழுகையா வந்துச்சு தெரியுமா? அப்பறம்... அம்மா ஈரத்துணியில கட்டி வெச்சிருந்த பச்சைப்பயறுல ஒண்ணே ஒண்ண எடுத்து...

கண்ணாடி: அடப்பாவி! நான் எறும்பு தின்னுடுச்சுன்னு நெனச்சேன்!

கொசு: எறும்பு எங்கேருந்து வந்துச்சு?

கண்ணாடி: பாலுக்குத்தான். குடிச்சாத்தான் வளருவன்னு எங்கம்மா பாட்டில்ல குடுத்து விடுவாங்க. எனக்குப் பிடிக்காது. சரி, இதாவது வளரட்டுமேன்னு...

கொசு: அதான் குழி அப்படி நாறிச்சா! நான் மண்ணுக்கு உடம்பு சரியில்லன்னு நெனச்சேன்.

கண்ணாடி: கிளறிப் பாத்தா அவரை விதையக் காணோம். சமையக்கட்டு டப்பாவுல ஒரு மொச்சைக் கொட்டை அச்சு அசல் அது மாதிரியே இருந்துச்சு...

கொசு: அப்போ டீச்சர் குடுத்த விதை முளைக்கவே இல்ல.

கண்ணாடி: இல்ல.

கொசு: தோட்டம் போச்சா?

கண்ணாடி: கிளாசுல என்னடா சொல்றது?

கொசு: வாயத் தொறக்காம இருந்துடலாமா?

கண்ணாடி: நாம மூடிக்கலாம். இந்த ரெண்டும் காட்டிக் குடுத்துடுமே... ஏய், அந்தச் சருக எடு. அடியில என்ன?

கொசு: மூணாவதா! இலை ரெண்டும் கரண்டி மாதிரி பெருசா!

கண்ணாடி: இதுவும் உன் வேலையா?

கொசு: சத்தியமா இல்ல! நீயா?

கண்ணாடி: நான் ஒரு மொச்சைதான்டா!

பெரிய டீச்சர்: என்ன, ரெண்டு தலையும் மண்ணுக்குள்ளயே இருக்கு?

கொசு: டீச்சர்! அது... முளைச்சிருச்சு டீச்சர்... ஆனா முளைக்கல.

கண்ணாடி: உண்மையச் சொல்லிடறோம் டீச்சர். நீங்க குடுத்த விதைய நாங்கதான் கெடுத்துட்டோம். இவன் தோண்டி, நான் பால் ஊத்தி. அப்பறம் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம வேற வெச்சுட்டோம். கிளாசுல யாருக்கும் தெரியாது. அவங்களத் திட்டாதீங்க.

பெரிய டீச்சர்: தெரியும்.

கொசு: தெரியுமா!

பெரிய டீச்சர்: என் ரூம் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கு? நீ தோண்டினது, இவ பாட்டிலக் கவுத்தது, எல்லாம் பாத்தேன்.

கண்ணாடி: அப்போ... இன்னிக்கு வெள்ளிக்கிழமையாச்சே, ஸ்டாண்டுக்குக் குழி வெட்டிடுவாங்களா டீச்சர்?

பெரிய டீச்சர்: சைக்கிள்ல வர்ற டீச்சருங்க அத்தன பேருக்கும் வாக்குக் குடுத்துட்டேனே. எதுவும் முளைக்கலன்னா இடம் அவங்களுக்குன்னு.

கொசு: ஆனா டீச்சர், இந்தப் பெருசு எங்களோடது இல்ல. அது எப்படி வந்துச்சுன்னே தெரியல.

பெரிய டீச்சர்: அது பூசணிடா. படர ஆரம்பிச்சா இந்தச் சுவரோரம் பூராவும் அதுக்கே பத்தாது, அப்பறம் ஒருத்தரும் இங்க சைக்கிள் நிறுத்த முடியாது... அத நல்லா யோசிச்சுத்தான், நீங்க வீட்டுக்குப் போனப்பறம் நானே வந்து போட்டேன்.