மாப்பிள்ளைக்கு ஒரு கத்தி

— அந்த டப்பாவ கீழ வைப்பா. பன்னெண்டு கத்தி இன்னாத்துக்கு உனக்கு? கோயில் வாகனம் மொத்தமும் நீயே செதுக்கப் போறியா?

— செட்டா வாங்கினா சீப்பா இருக்குதேன்னு பார்த்தேன், வடிவாம்பாக்கா.

— சீப்புதான். சைனா தகரம். மரத்துல ரெண்டு இழுப்பு இழுத்தா முனை மடங்கிக்கினு உன்னையே பாக்கும். இதுக்கு முன்னாடி இன்னா செதுக்கி இருக்கற?

— பென்சில்.

— அடடா! ஸ்தபதி வந்திருக்காருன்னு தெரியாம உக்காந்துக்கினே பேசிட்டேனே!

— கிண்டல் பண்ணாதக்கா. வெள்ளிக்கிழமைக்குள்ள கத்துக்கணும்.

— ஏன், கம்ப்யூட்டர் சென்டர்ல பட்டன் தட்டினது போதுமா வசந்து?

— ஓரிக்கைல பொண்ணு பேசியிருக்குதுல்ல, அனு? என்கிட்ட கம்ப்யூட்டர் கத்துக்க வந்த பொண்ணு. அவங்கப்பா தறிக்காரரு. கைவேல தெரியாதவனுக்கு பொண்ணு இல்லன்னுட்டாரு.

— நியாயமான மனுஷன்.

— அனுவுக்கு ஒரு மரக்கிளி குடுத்திருந்தேன். நானே செதுக்கினதுன்னு...

— செதுக்கினது யாரு?

— மெட்ராஸ்ல கடையில வாங்கினதுக்கா.

— பேஷ்! நல்ல கைவேல!

— அந்தக் கிளியப் பார்த்துட்டுதான் சரின்னாரு. இப்ப, தட்டு மாத்த வர்றப்போ என் கண்ணு முன்னாடி ஒண்ணு செதுக்குங்க மாப்ளன்றாரு. செதுக்கலன்னா அனு எனக்கில்ல.

— தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க? சரி, அழுவாத. இந்தா, இந்த ஒரு கத்தி போதும். சின்ன அலகு, நேரா இருக்குது. புடி கையில அடங்குதா பாரு.

— அடங்குது. ஆனா ஒண்ணே ஒண்ணா? வளைஞ்ச உளியெல்லாம் வேணாமா?

— மொதல்ல மரக்கட்டைய கட்டையாவே ஒழுங்கா சீவு. மிச்சமாவுற காசுல சாணக்கல்லு வாங்கிக்கோ. தேக்குல கைய வெச்சுடாத, குமிழ மரம் மெத்துனு இருக்கும். கத்திய உன் பக்கம் இழுக்காத, வெளிய தள்ளு.

— கூரா இருக்குதேக்கா. கையக் கிழிச்சுட்டா?

— மொட்டக் கத்திதான் கையக் கிழிக்கும். அது மரத்துல எறங்காது, நீ அழுத்துவ, வழுக்கிக்கினு விரல்ல வந்து நிக்கும். கம்ப்யூட்டர்ல இதெல்லாம் சொல்லித் தரல போல.

— பொய்யின்னு அனுவுக்கு மட்டும் தெரிஞ்சுதுன்னா, என் மூஞ்சிலயே முழிக்க மாட்டா.

— அதுக்கு எப்பவோ தெரியும்பா. கிளிக்கு அடியில ஒட்டின விலைச் சீட்ட யாருய்யா கிழிக்காம குடுக்கிறது? அவங்கப்பா கண்ணுல படறதுக்குள்ள அனுதான் கிழிச்சுதாம்.

— ஐயையோ! உனக்கு யாருக்கா சொன்னது?

— அதுவேதான். போன வாரம் வந்து கத்தி வாங்கிக்கினு போச்சு. நேத்து மறுபடி சாணக்கல்லு கேட்டு வந்துச்சு, மூணு விரல்ல பிளாஸ்திரி. "அவருக்கு இதெல்லாம் வராதுக்கா. அவரு கத்துக்குடுத்தாருன்னு சொல்லி அப்பா முன்னாடி நானே செதுக்கிடறேன்"னுச்சு.